எ கிராண்ட் டே அவுட்: ஏழாண்டில் முடிந்த ஒரு மாணவர் திட்டப்பணி

எ கிராண்ட் டே அவுட் என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த நிக் பார்க் இயக்கி, 1989ஆம் ஆண்டில் வெளிவந்த களிமண் அசைவூட்டக் குறும்படம் ஆகும். ஏறத்தாழ 23 நிமிடம் ஓடக்கூடியது. வாலஸ் என்னும் வீட்டுக் கண்டுபிடிப்பாளரும், குரோமிட் என்னும் அவருடைய நாயும் முதன்முதலில் தோன்றிய படம் இதுவே. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இந்த இருவரும் ஒரு மாணவரின் படிப்பு இறுதித் திட்டப்பணிக்காக உருவாக்கப்பட்டவர்கள். 1982இல் தொடங்கிய அந்தத் திட்டப்பணி முடிய ஏழு ஆண்டுகள் ஆயின.

அசைவூட்டம், அதாவது அனிமேஷன், இன்று தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் விரும்பிச் சேரும் படிப்பு. சேருகிறவர்கள் பலர், இறுதித் திட்டப்பணியை எண்ணியபடி முடிக்கிறவர்கள் அவ்வளவு பேர் இல்லை. திறமைக் குறைவு இதற்குக் காரணம் அன்று. ஒரு படத்துக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்ற கணக்கு தொடக்கத்தில் போடப்படாததே பெரும்பாலும் காரணம். நிக் பார்க்கும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டவர்தான். அவர் எப்படி மாட்டிக்கொண்டார், எதைக் கைவிட்டு வெளியே வந்தார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இடையிடையே இன்றைய மாணவர் தம் பணியைத் திட்டமிடும் முறையும் சொல்லப்படுகிறது.

திட்டப்பணி என்றால் என்ன?

மற்ற முதுகலைப் படிப்புகளில் இறுதிப் பணி என்பது பெரும்பாலும் ஓர் ஆய்வேடு. அசைவூட்டத்தில் அது ஒரு முழுமையான குறும்படம். அத்துடன் அந்தப் படம் உருவான வழியைக் கூறும் செயல்முறை ஏடு ஒன்றும் தர வேண்டியிருக்கும். கதை எங்கிருந்து வந்தது, பாத்திரங்கள் எத்தனை முறை மாறின, எவை கைவிடப்பட்டன என்பவை அதில் இருக்கும். பிறகு தேர்வாளர் குழு முன் படத்தைத் திரையிட்டு, கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்புப் பள்ளி ஆகியவற்றில் அசைவூட்டத்துக்கு முதுநிலை வடிவமைப்புப் பட்டம் உண்டு. தனியார் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முதுஅறிவியல் என்ற பெயர்களில் இப்படிப்பு நடக்கிறது. பெயர் எதுவாயினும் கடைசிப் பருவத்தில் மாணவர் கையில் ஒரு படம் இருந்தாக வேண்டும்.

ஆய்வேட்டுக்கும் படத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆய்வேட்டில் கடைசி வாரத்தில் இரவு பகலாக உட்கார்ந்து பின்தங்கியதைப் பிடித்துவிடலாம். பள்ளி மாணவர்கள் செய்முறைப் பதிவேட்டை முந்தின நாள் இரவில் எழுதி முடிப்பதைப் போலத்தான் இதுவும். முப்பது ஆண்டு அதைப் பார்த்துச் சலித்தவன் என்பதால் சொல்கிறேன். அசைவூட்டப் படத்தில் அது நடக்காது. ஒரு வினாடிப் படத்துக்கு இத்தனை படங்கள் என்பது மாறாத கணக்கு. ஆசையாலோ விழிப்பாலோ அந்த எண்ணிக்கையைக் குறைக்க முடியாது.

பார்க்கின் இளமையும் படிப்பும்

நிக் பார்க் 1958ஆம் ஆண்டு டிசம்பர் 6 அன்று இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள பிரெஸ்டனில் பிறந்தார். தந்தை ஒளிப்படக் கலைஞர். தாய் தையல் வேலை தெரிந்தவர். தாயின் வீட்டுத் திரைப்படக் கருவியைக் கொண்டு பதின்மூன்று வயதிலேயே சிறு அசைவூட்டப் படங்கள் எடுக்கத் தொடங்கினார். நூல்கண்டுக் கட்டைகளும் அவற்றில் பாத்திரங்களாயின. அவருடைய படங்களில் ஒன்று 1975இல் பிபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

ஷெஃபீல்டில் இருந்த பாலிடெக்னிக்கில் கலைப் படிப்பை 1980இல் முடித்த பின், பீக்கன்ஸ்ஃபீல்ட் என்னும் ஊரில் உள்ள தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் அசைவூட்டம் பயிலச் சேர்ந்தார். பட்டப்படிப்பை முடித்தவர்கள் மேற்பயிற்சிக்காகச் சேரும் இடம் அது. இப்போது அங்கே அசைவூட்ட இயக்கத்துக்கு இரண்டாண்டு முதுகலைப் படிப்பு நடக்கிறது.

கதை

விடுமுறை நாளில் எங்கே போகலாம் என்று வாலசும் குரோமிட்டும் யோசிக்கின்றனர். வீட்டில் பாலாடைக்கட்டி தீர்ந்துபோய்விட்டது. நிலா பாலாடைக்கட்டியால் ஆனது என்பது ஆங்கிலேயக் குழந்தைகளிடம் வழங்கும் பழைய கதை. நம் ஊரில் நிலாவில் பாட்டி வடை சுடுவதைப் போல. அதை நம்பிய வாலஸ், நிலத்தடி அறையில் ராக்கெட் ஒன்றைச் செய்கிறார். திரியைப் பற்றவைத்த பிறகுதான் பாலாடைக்கட்டியோடு தின்ன பிஸ்கட் எடுக்க மறந்தது நினைவுக்கு வருகிறது. ஓடிப்போய் எடுத்து வருகிறார்.

நிலாவில் காசு போட்டால் இயங்கும் பழைய சமையல் அடுப்பு போன்ற இயந்திரம் ஒன்று இருக்கிறது. வந்தவர்கள் நிலாவை வெட்டித் தின்பதையும், ராக்கெட்டை நிறுத்தியிருப்பதையும் கண்டு அது கோபப்படுகிறது. பிறகு வாலஸ் கொண்டுவந்த பொருள்களிடையே பனிச்சறுக்கு இதழ் ஒன்றைக் கண்டு, பூமிக்குப் போய்ச் சறுக்க வேண்டும் என்று ஏங்குகிறது. ராக்கெட்டில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. கையோடு பிய்ந்து வந்த உலோகத் தகடுகளைக் காலில் கட்டிக்கொண்டு நிலாவின் மேடுகளிலேயே சறுக்கி விளையாடுகிறது. படம் அங்கே முடிகிறது.

கதை எளிமையானது. ஆனால் பார்க் முதலில் எழுதிய கதை இது அன்று. அதைப் பின்னர் காண்போம்.

களிமண்ணும் கணக்கும்

இப்படம் ஸ்டாப் மோஷன் என்னும் முறையில் எடுக்கப்பட்டது. களிமண் பொம்மையை ஒரு நிலையில் வைத்து ஒரு படம் எடுப்பர். பிறகு கையையோ தலையையோ மயிரிழை அளவு நகர்த்தி இன்னொரு படம். இப்படி எடுத்த படங்களைத் தொடர்ச்சியாக ஓட்டும்போது பொம்மை நடப்பதாகவும் பேசுவதாகவும் நம் கண்ணுக்குத் தோன்றும். இதற்குப் பயன்படுவது பானை செய்யும் களிமண் அன்று. பிளாஸ்டிசின் என்னும் எண்ணெய்ப் பசையுள்ள களி, காய்ந்து இறுகாது. பிளாஸ்டிசினை உருவாக்கிய ஹார்பட்டின் நிறுவனத்துக்கே எழுதி, ஒரு டன் களி வேண்டும் என்று பார்க் கேட்டார். குரோமிட் தொடக்கத்தில் பூனையாகவே எண்ணப்பட்டது. நாயின் உருவம் களியில் பிடிக்க எளிது என்பதால் நாயாயிற்று.

இனி கணக்குக்கு வருவோம். திரைப்படம் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகிறது. பிரிட்டிஷ் தொலைக்காட்சி 25. நாம் 24 என்றே கொள்வோம். 23 நிமிடத்துக்கு 1,380 வினாடிகள். 24ஆல் பெருக்கினால் 33,120 சட்டகங்கள். ஒவ்வொரு நிலையையும் இரண்டு சட்டகங்களுக்கு வைத்திருக்கும் சிக்கன முறை ஒன்று உண்டு. அப்படிச் செய்தாலும் 16,560 முறை பொம்மையைத் தொட்டு நகர்த்தியாக வேண்டும். ஒரு நாளைக்கு 2 வினாடிப் படம் எடுக்கும் மாணவருக்கு விடுமுறையே இல்லாமல் 690 நாள்கள் ஆகும். இது படம் பிடிப்பதற்கு மட்டும். வாலசின் வீட்டைக் கட்டுவது, ராக்கெட்டைச் செய்வது, விளக்கு அமைப்பது, பிசகியதைத் திரும்ப எடுப்பது எதுவும் இதில் சேரவில்லை. மாணவர் படத்தில் இவற்றுள் பெரும்பகுதி ஒரே ஆளின் தலையில் விழும்.

அன்றைய நிலையில் இன்னொரு தொல்லையும் இருந்தது. படம் ஃபிலிம் சுருளில் பதிவாகும். சுருளை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கழுவி வாங்கும்வரை எடுத்தது சரியா என்று தெரியாது. நாள் முழுதும் உழைத்து எடுத்த காட்சியில் விளக்கு ஒன்று நடுவில் அசைந்திருந்தால், அது சில நாள் கழித்தே தெரியவரும். இன்று டிராகன்ஃபிரேம் போன்ற மென்பொருளில் முந்தைய சட்டகத்தை மங்கலாகத் திரையில் வைத்துக்கொண்டே அடுத்ததை எடுக்கலாம். பிழை அப்போதே கண்ணில் படும்.

கணினி அசைவூட்டத்தில் களி இல்லை. ஆயினும் கணக்கு இருக்கிறது. 5 நிமிட முப்பரிமாணப் படத்துக்கு 7,200 சட்டகங்கள். கணினி ஒவ்வொன்றையும் வரைந்து முடிக்க, அதாவது ரெண்டர் செய்ய, 10 நிமிடம் எடுத்துக்கொண்டால் மொத்தம் 72,000 நிமிடம். அதாவது 1,200 மணி நேரம். ஒரே கணினி இரவும் பகலும் ஓடினால் 50 நாள்கள். சமர்ப்பிக்க ஒரு மாதம் இருக்கையில் ‘இனி ரெண்டர் மட்டும்தான் பாக்கி’ என்று சொல்லும் மாணவர் இந்தப் பெருக்கலைச் செய்து பார்க்கவில்லை என்று பொருள். ரெண்டர் செய்யும்போது முழுப் படத்தையும் ஒரே காணொளிக் கோப்பாக எடுக்காமல், சட்டகம் சட்டகமாகத் தனித்தனிப் படக்கோப்புகளாக எடுப்பதே பாதுகாப்பு. மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

குரல் முதலில்

பேசும் பாத்திரம் உள்ள படங்களில் பெரும்பாலும் குரலை முதலில் பதிவு செய்கிறார்கள். பேச்சை எழுத்தொலி எழுத்தொலியாகப் பிரித்து, எந்தச் சட்டகத்தில் வாய் எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்ட பின்னரே பொம்மையின் வாயை மாற்றுவார்கள். தமிழில் ‘ப’, ‘ம’ ஒலிகளுக்கு உதடு மூடும், ‘ஆ’வுக்கு வாய் விரியும், ‘ஊ’வுக்குக் குவியும். முதல் வகுப்பில் நாம் கற்பிக்கும் ஒலிப்புமுறையே இங்கும் அடிப்படை.

வாலசின் குரலுக்குப் பார்க் நாடியது பீட்டர் சாலிஸ் என்னும் நடிகரை. பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த தொலைக்காட்சி முகம் அவர். பெயர் தெரியாத மாணவர் ஒருவர் கேட்டதற்கு அவர் இசைவார் என்று பார்க்கே எதிர்பார்க்கவில்லை. தாம் விரும்பும் அறச்செயலுக்கு 50 பவுண்டு நன்கொடை தந்தால் போதும் என்று சாலிஸ் ஒப்புக்கொண்டார். தம் ஊரான லங்காஷயரின் பேச்சு வழக்கு வேண்டும் என்பது பார்க்கின் விருப்பம். சாலிசுக்கு அண்டைப் பகுதியான யார்க்‌ஷயர் வழக்குத்தான் வந்தது. அதுவே நிலைத்துவிட்டது. பாலாடைக்கட்டி என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சாலிஸ் நீட்டி உச்சரித்த விதத்துக்கு ஏற்ப வாலசின் வாய் பக்கவாட்டில் அகன்றது. இன்று வாலஸ் என்றதும் நினைவுக்கு வரும் அந்த அகன்ற பல்வரிசை ஒரு குரலிலிருந்து வந்தது.

மாணவர்கள் இதில் கவனிக்க வேண்டியது, கேட்கத் தயங்கக்கூடாது என்பதை. குரல் நடிகர், இசையமைப்பாளர், ஒலிப் பொறியாளர் என உதவி தேவைப்படும் இடங்கள் பல. இப்படத்துக்கு இசையமைத்த ஜூலியன் நாட்டும் அதே பள்ளியில் பயின்றவர்தான். அவரே பின்னர் வந்த வாலஸ் படங்களுக்கும் இசையமைத்தார்.

பேசாத நாய்

குரோமிட்டும் பேசுவதாகவே முதலில் திட்டம் இருந்தது. அதற்குப் பீட்டர் ஹாக்கின்ஸ் என்னும் குரல் நடிகரைக் கொள்ளலாம் என்றும் பார்க் எண்ணியிருந்தார்.

ராக்கெட் கட்டும் காட்சியில் வாலஸ் ஒரு கதவைக் குரோமிட்டின் முதுகில் வைத்து ரம்பத்தால் அறுப்பார். நாய் அங்கே தச்சனின் முட்டுக்கட்டை. பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்ட பொம்மையின் உடலை நகர்த்தப் பார்க்கின் விரலுக்கு இடமில்லை. எட்டியது நெற்றிப் புருவம் ஒன்றுதான். அதைச் சற்றே ஏற்றியும் இறக்கியும் பார்த்தபோது, நாயின் சலிப்பு, பொறுமை, எசமானனைப் பற்றிய அதன் கருத்து எல்லாமே அதில் வந்துவிட்டன. பேச்சு தேவையற்றுப் போயிற்று. குரோமிட்டுக்கு வாயே கிடையாது என்று ஆயிற்று.

இதனால் வேலை குறைந்தது என்பது ஒரு பக்கம். நாய்க்குப் பேச்சு இருந்திருந்தால் அதன் ஒவ்வொரு வசனத்துக்கும் வாய் அசைவுகள் செய்திருக்க வேண்டும். மறுபக்கம், படத்தின் மிகச் சிறந்த நடிப்பும் இந்த வாயில்லா நாயினுடையதே. அசைவூட்டப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் எத்தனையோ விதிகளைவிட இந்த ஒரு காட்சி அதிகம் கற்பிக்கும் என்பது என் கருத்து. மாணவர்கள் படத்தின் அந்தப் பகுதியை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம்.

கைவிடப்பட்ட நிலா

இனி அந்த முதல் கதைக்கு வருவோம். பார்க் தொடக்கத்தில் எழுதியதில் நிலா ஓர் ஊர் போல இருந்தது. வேற்றுக்கோள் உயிரினங்கள் பல இருந்தன. துரித உணவுக் கடை ஒன்று இருந்தது. ஸ்டார் வார்ஸ் படத்தைக் கேலி செய்யும் காட்சிகள் இருந்தன. வாலஸ் சிறையில் அடைக்கப்படுவார். குரோமிட் அவரை மீட்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் படம் 40 நிமிடத்தை எட்டியிருக்கும். மேலே செய்த அதே பெருக்கலைச் செய்தால் 57,600 சட்டகங்கள்.

1982இல் தொடங்கியவர் 1985ஆம் ஆண்டு வரும்போதும் முடித்திருக்கவில்லை. நிலாக் காட்சிகளை அப்போதுதான் தொட்டிருந்தார். எழுதியபடியே எடுத்தால் இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆகும் என்று ஒருவர் அவரிடம் சொன்னதாகப் பார்க் பின்னாளில் ஒரு நேர்காணலில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதன் பிறகே அவர் கத்தரியை எடுத்தார். வேற்றுக்கோள் கூட்டம் போயிற்று. உணவுக் கடை போயிற்று. சிறையும் மீட்பும் போயின. எஞ்சியது, வண்டி நிறுத்தக் கட்டணம் கேட்டு அலையும் காவலாளாக எண்ணப்பட்ட ஒரு பாத்திரம் மட்டுமே. அதுதான் அந்தச் சமையல் அடுப்பு இயந்திரம்.

இந்த வெட்டினால் கதை குறைந்துபோனதா? படத்தைப் பார்த்தவர்கள் விடை அறிவர். யாருமற்ற நிலாவில் தனியே காவல் காக்கும் இயந்திரம், வேறு எங்கோ போய் விளையாட ஏங்குகிறது என்பதில்தான் அந்தப் படத்தின் உயிர் இருக்கிறது. நூறு பேர் நடமாடும் நிலாவில் அந்த ஏக்கத்துக்கு இடமேது? இப்படி நன்மையாக முடியும் என்று தெரிந்து அவர் வெட்டவில்லை. வேறு வழியின்றி வெட்டினார்.

என்னிடம் பள்ளியில் கணக்குப் படித்த மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தனியார் கல்வி நிறுவனம் ஒன்றில் அசைவூட்டத்தில் முதுகலை பயின்றார். தம் ஊர் ஏரியைப் பற்றி 12 நிமிடப் படம் எடுக்க எண்ணினார். படிப்பு முடியும் பருவத்தில் அவர் கையில் இருந்தது 40 வினாடி. பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது; கூடுதல் பருவத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று. கிடைத்திருந்த வேலையும் பட்டம் இல்லாததால் போயிற்று. அந்தப் படத்தின் கதைப்பலகையை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். எதையும் விட மனமில்லை என்றார். மதகடியில் ஒரு சிறுமி தூண்டில் போடும் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன என்று, அசைவூட்டம் ஒன்றும் தெரியாத நான் கேட்டேன். இரண்டரை நிமிடப் படமாக அதை முடித்துப் பட்டம் வாங்கினார். முதல் பருவத்திலேயே அதைக் கேட்க யாரேனும் இருந்திருக்கலாம்.

வெட்டுவதற்கு ஏற்ற காலம், படம் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்புதான். இதற்காகவே அனிமேட்டிக் என்ற ஒன்றைச் செய்கிறார்கள். கதைப்பலகையில் வரைந்த கோட்டுச் சித்திரங்களை, தற்காலிகக் குரலும் ஓசையும் சேர்த்து, படம் ஓட வேண்டிய நேரத்துக்கே ஓடும்படி அடுக்குவது அனிமேட்டிக். பார்க்க அழகாய் இராது. ஆனால் படம் எத்தனை வினாடி, எந்தக் காட்சி சலிக்கிறது, எது இல்லாவிட்டாலும் கதை நிற்கும் என்பவை அதில் வெட்ட வெளிச்சமாகும். படம் பிடித்த ஒரு நிமிடத்தை வெட்டுவது மூன்று மாத உழைப்பை வெட்டுவதாகலாம். அனிமேட்டிக்கில் ஒரு நிமிடத்தை வெட்ட ஒரு மாலைப்பொழுது போதும். அனிமேட்டிக் நான்கு நிமிடத்தைத் தாண்டினால் வழிகாட்டி ஆசிரியரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். படம் பிடிக்கத் தொடங்கிய பிறகு நீளத்தைக் கூட்டுவதில்லை என்று முடிவெடுத்துக்கொள்ள வேண்டும்.

காட்சிகளை எடுக்கும் வரிசையும் முக்கியம். எளிய காட்சிகளை முதலில் எடுத்துப் பட்டியலில் குறி போட்டுக்கொண்டே போவது மகிழ்ச்சி தரும். கடினமானவை கடைசியில் வந்து கழுத்தைப் பிடிக்கும். கதைக்கு இன்றியமையாத காட்சிகளை முதலில் எடுத்துவிட்டால், காலம் போதாமற்போனாலும் விடுபடுவது அலங்காரக் காட்சிகளாக இருக்கும். அதே சமயம் முதல் வாரக் காட்சிகளில் கை பழகியிருக்காது. ஆகவே படத்தின் தொடக்கக் காட்சியை முதலில் எடுக்காமல், நடுவிலுள்ள ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது.

ஆர்ட்மேன் கைகொடுத்தல்

பார்க் தனியாக முடித்துவிடவில்லை. பீட்டர் லார்ட், டேவிட் ஸ்பிராக்ஸ்டன் என்னும் இரு நண்பர்கள் 1970களில் நிறுவிய ஆர்ட்மேன் அனிமேஷன்ஸ் என்னும் நிறுவனம் பிரிஸ்டல் நகரில் இயங்கிவந்தது. அவர்கள் பார்க்கின் பள்ளிக்கு உரையாற்ற வந்தபோது அவருடைய முடியாத படத்தைக் கண்டனர். 1985இல் பார்க்கைத் தம் நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டனர். நிறுவன வேலைகளுக்கிடையே தம் படத்தையும் அவர் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பள்ளியும் படத்துக்கான பண உதவியை நிறுத்தவில்லை.

இதற்கு விலை ஒன்று இருந்தது. முழுநேர மாணவராயிருந்தபோதே முடியாத படம், பகுதிநேரப் பணியாக மாறியபின் இன்னும் நான்காண்டு இழுத்தது. இடையில் ஆர்ட்மேனின் வேலைகள் வந்தன. பீட்டர் கேப்ரியல் பாடிய ‘ஸ்லெட்ஜ்ஹேமர்’ பாடலின் 1986ஆம் ஆண்டுக் காணொளியில், உரித்த கோழிகள் ஆடும் பகுதியை அசைத்தவர் பார்க். விலங்குக் காட்சிசாலை விலங்குகள் தம் வீட்டு வசதியைப் பற்றிப் பேட்டி தருவதாக அமைந்த ‘கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்’ என்னும் 5 நிமிடப் படத்தை அவர் இயக்கியதும் இக்காலத்தில்தான். பின்னால் தொடங்கியது முன்னால் தொடங்கியதோடு ஒரே ஆண்டில் முடிந்தது. ஆனால் அந்த வேலைகளில் கை தேறியதை எ கிராண்ட் டே அவுட் படத்திலேயே காணலாம். ஏழாண்டில் எடுத்த காட்சிகள் ஒன்றுபோல் இல்லை. சில இடங்களில் வாலசின் முகம் உருண்டையாகவும் கரடாகவும் இருக்கிறது. சில இடங்களில் அசைவு நன்கு இழைந்திருக்கிறது. களியில் விரல் ரேகைகள் தெளிவாகத் தெரிகின்றன. யாரும் அவற்றைக் குறையாகச் சொல்வதில்லை.

வேலை கிடைத்துவிட்டது, திட்டப்பணியைப் பிறகு முடித்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்கள் இந்த நான்காண்டை நினைவில் வைக்க வேண்டும். பார்க்குக்கு அதே கூடத்தில் இடமும், உதவ ஆளும், பொறுத்துக்கொள்ளும் முதலாளிகளும் கிடைத்தனர். எல்லாருக்கும் அப்படி அமையாது.

வெளியீடும் விருதுகளும்

படம் 1989 நவம்பரில் பிரிஸ்டலில் முதலில் திரையிடப்பட்டது. 1990இல் சிறந்த குறும் அசைவூட்டப் படத்துக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. அவ்வாண்டுக் கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் சேனல் 4 தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

1991 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த அசைவூட்டக் குறும்படத்துக்கு மூன்று படங்கள் பரிந்துரைக்கப்பட்டிருந்தன. ஒன்று இத்தாலியின் புரூனோ பொஸெட்டோ எடுத்தது. மற்ற இரண்டும் நிக் பார்க்கினுடையவை: எ கிராண்ட் டே அவுட்டும் கிரீச்சர் கம்ஃபர்ட்சும். விருது கிரீச்சர் கம்ஃபர்ட்சுக்குச் சென்றது. ஏழாண்டு உழைத்த 23 நிமிடப் படம், அதே கைகள் எடுத்த 5 நிமிடப் படத்திடம் தோற்றது. வாலசும் குரோமிட்டும் ‘த ராங் டிரவுசர்ஸ்’ (1993), ‘எ குளோஸ் ஷேவ்’ (1995) என்னும் அடுத்த இரு படங்களில் அந்த விருதைப் பெற்றனர். 2005இல் வந்த முழுநீளப் படத்துக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

பிற்காலத் திட்டப்பணிகள்

அதே பள்ளியிலிருந்து பின்னர் வந்த இரு மாணவர் படங்களையும் இங்கே குறிப்பிடலாம். டிமோதி ரெக்கர்ட் இயக்கிய ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ (2012) ஏறத்தாழ 10 நிமிடப் பொம்மைப் படம். மனம் ஒட்டாமற்போன முதிய தம்பதியரில் ஒருவர் வீட்டின் தரையிலும் மற்றவர் கூரையிலும் தலைகீழாக வாழ்கின்றனர். ஒரு வீடு, இரண்டு பாத்திரங்கள், பேச்சு இல்லை. டெய்சி ஜேக்கப்ஸ் இயக்கிய ‘த பிக்கர் பிக்சர்’ (2014) முதிய தாயைப் பார்த்துக்கொள்ளும் இரு ஆண் மக்களின் கதை. ஆளுயரப் பாத்திரங்களைச் சுவரில் வண்ணத்தால் தீட்டி, அழித்துத் தீட்டி எடுத்தது. ஓடும் நேரம் 10 நிமிடத்துக்கும் குறைவு. இரண்டுமே ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டன. பின்னது பாஃப்டா விருது பெற்றது. இரண்டிலும் இடமும் ஆள்களும் எவ்வளவு சிக்கனமாக வைக்கப்பட்டுள்ளன என்பதைத் திட்டப்பணி தொடங்கும் மாணவர்கள் கவனிக்கலாம்.

சமர்ப்பிக்கும்போது

படம் பிடித்து முடிந்ததும் வேலை முடிந்ததாகாது. ஒலிக்கலவை, நிறத்திருத்தம், பெயர்ப்பட்டியல், துணைத் தலைப்பு ஆகியவற்றுக்குக் குறைந்தது ஒரு மாதம் ஒதுக்க வேண்டும். திரைப்படப் பாடலையோ இணையத்தில் கிடைத்த இசையையோ இசைவின்றிச் சேர்த்தால், கல்லூரியில் திரையிட முடிந்தாலும் விழாக்களுக்கு அனுப்ப முடியாது. இசைவை எழுத்தில் வாங்கிச் செயல்முறை ஏட்டோடு இணைத்து வைக்க வேண்டும். படத்தின் உரிமை மாணவருக்கா நிறுவனத்துக்கா என்பதைச் சேரும்போது கையொப்பமிட்ட தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். இது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

கோப்புகளை மூன்று படி எடுத்து, ஒன்றையாவது வேறு வீட்டில் வைக்க வேண்டும். செயல்முறை ஏட்டைக் கடைசியில் நினைவிலிருந்து எழுதாமல், வாரம் ஒருமுறை தேதியிட்டு எழுதிவர வேண்டும். கைவிட்ட காட்சிகளின் வரைபடங்களையும் அதில் ஒட்டி, ஏன் கைவிட்டீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். தேர்வாளர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்கள்.